மூக்குக்கு எட்டாதது

சோறும் சாம்பாரும் ஊசிப்போகும். பால் திரிந்துபோகும். இட்லி மாவு புளித்துப்போகும். பழம் அழுகும். எண்ணெயும் நிலக்கடலையும் சிக்கு வாடை அடிக்கும். ஈரம் பட்ட அப்பளத்தில் பூசணம் பூக்கும். நேற்றைய சோற்றைப் பிசைந்தால் சில சமயம் விரலோடு நூல் விடும். ‘கெட்டுப்போச்சு’ என்ற ஒரே சொல்லால் இவ்வளவையும் சொல்லிவிடலாம். ஆனால் தமிழ்ச் சமையலறை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது.

இவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. பால் திரிவது, அமிலம் ஏறி கேசீன் என்ற புரதம் கட்டிதட்டுவதால். எண்ணெய் சிக்கடிப்பது, கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து உடைவதால். அதற்கு நுண்ணுயிரே தேவையில்லை. சோறு நூல் விடுவது, பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பசையால். நுண்ணோக்கி வருவதற்கு எத்தனையோ தலைமுறைகள் முன்பே இந்த வேறுபாடுகளைக் கண்டு பெயர் வைத்தவர்கள் நம் அடுக்களைகளில் இருந்தவர்கள்.

அவர்களிடம் இருந்த கருவிகள் மூக்கு, நாக்கு, கண், விரல். அவற்றுக்கு எட்டாத ஒன்றுக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. மணமும் சுவையும் நிறமும் துளியும் மாறாமல் இருந்து, உண்ட சில மணி நேரத்தில் வாந்தியெடுக்க வைக்கும் சோற்றை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்து அதற்கு வீட்டில் புழங்கும் சொல் எதுவும் இல்லை. இந்த அத்தியாயம் அந்தப் பெயரில்லாத கெடுதலைப் பற்றியது.

மூக்கு சொல்லும் சாட்சி

மூக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அழுகிய முட்டையின் வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடை, நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு சில பங்கு இருந்தாலே அது கண்டுகொள்ளும். அழுகும் இறைச்சியிலும் மீனிலும் உண்டாகும் பொருள்களைக் கண்டு அது சுருங்குவதற்கு, நம் முன்னோர்களை லட்சக்கணக்கான ஆண்டுகள் காப்பாற்றிய வரலாறு பின்னணியாக இருக்கிறது.

ஆனால் மூக்கு அறிவிப்பது ஒரு வகை நுண்ணுயிர்களின் வேலையை மட்டுமே. உணவை ஊசவைப்பவை ஒரு கூட்டம். நம்மை நோயாளியாக்குபவை பெரும்பாலும் வேறொரு கூட்டம். முதல் கூட்டம் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்து வாடையைக் கிளப்பும். இரண்டாவது கூட்டத்தில் பலவும் அப்படி எதையும் செய்வதில்லை. சால்மோனெல்லா ஏறிய முட்டைப் பொரியல் முட்டைப் பொரியலாகவே மணக்கும்.

எண்ணிக்கையிலும் பெரிய இடைவெளி உண்டு. ஒரு கிராம் உணவில் பாக்டீரியா பொதுவாகக் கோடிக்கணக்கில் பெருகிய பிறகுதான் வாடை எழும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் நோய் தர லட்சக்கணக்கில் இருந்தாலே போதும். ஷிகெல்லா என்ற வயிற்றுக்கடுப்புக் கிருமிக்கோ நூறுகூட வேண்டாம். மூக்கு ‘நாற்றம் இருக்கிறது’ என்று சொன்னால் நம்பலாம். ‘நாற்றம் இல்லை’ என்று அது சொல்வதை ‘ஆபத்து இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது.

ஆஸ்லோவில் ஒரு கோப்பை வெனிலா சாஸ்

1940-களின் இறுதியில் நார்வேயின் ஆஸ்லோ நகரில், மருத்துவமனை உணவு சாப்பிட்டவர்களும் மற்றவர்களுமாகச் சுமார் 600 பேர், நான்கு தடவையாக நடந்த நிகழ்வுகளில் வயிற்றுவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளானார்கள். எல்லாரும் உண்டது இனிப்போடு ஊற்றிக்கொள்ளும் வெனிலா சாஸ். முந்தைய நாளே காய்ச்சி, பெரிய பாத்திரத்தில் வெளியிலேயே வைத்திருந்தார்கள். கெட்டியாவதற்குச் சேர்த்த சோள மாவில் பேசில்லஸ் சீரியஸின் வித்துகள் இருந்தன.

மண்ணில் எங்கும் இருக்கும் அந்தப் பாக்டீரியாவா இவ்வளவுக்கும் காரணம் என்ற ஐயம் எழுந்தது. ஆய்வாளர் ஸ்டெய்னார் ஹௌகே அதைத் தன் உடம்பிலேயே தீர்த்துக்கொண்டார். வெனிலா சாஸில் அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, ஒரு மில்லிலிட்டரில் சில பத்து லட்சம் சேர்ந்ததும், 200 மில்லிலிட்டரைக் குடித்தார். சுமார் 13 மணி நேரத்துக்குப் பிறகு கடும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்தன.

சோள மாவில் இருந்தது நம் அரிசியிலும் இருக்கிறது. நெல் மண்ணில் விளைவது. வித்துகள் அதனோடு வருகின்றன. பாக்டீரியா தன் மரபுப்பொருளைத் தடித்த உறைக்குள் மூடி உறங்கும் நிலைதான் வித்து. உலை கொதிக்கும்போது மற்ற நுண்ணுயிர்கள் மடிகின்றன. வித்துகளில் ஒரு பகுதி பிழைக்கிறது. கொதியின் சூடே அவற்றில் பலவற்றை உறக்கத்திலிருந்து எழுப்பியும் விடுகிறது. வடித்த சோறு வெதுவெதுப்புக்கு இறங்கும்போது அங்கே ஈரமும் மாவுச்சத்தும் உண்டு, போட்டியாளர் இல்லை.

எல்லாம் சாதகமாக இருந்தால் இத்தகைய பாக்டீரியா சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரு கிராமில் 100 என்று தொடங்கினால், நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டித்து 4,09,600 ஆகிவிடும். சோறு அப்போதும் சோறாகவே மணக்கும்.

பேசில்லஸ் சீரியஸில் இன்னொரு வகை உண்டு. பிரிட்டனில் 1970-களில், முன்கூட்டி வேகவைத்து வெளியே வைத்த சோற்றில் செய்த வறுத்த சோறு சாப்பிட்டவர்கள், ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தார்கள். காரணம் செரியூலைடு என்ற நஞ்சு. பாக்டீரியா அதைச் சோற்றிலேயே சுரந்து விடுகிறது. பிறகு பாக்டீரியாவைக் கொன்றாலும் நஞ்சு கிடக்கும். பிரஷர் குக்கரின் சூட்டிலும் அது அழிவதில்லை.

‘சுட வைத்தால் சரியாகிவிடும்’

வீட்டில் நாம் அதிகம் சொல்லும் சமாதானம் இதுதான். பாதி உண்மை, அதனால்தான் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் கொதிக்க வைத்தால் உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சு சாகுமா என்பது நஞ்சைப் பொறுத்தது.

1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகக் கோபன்ஹேகன் சென்ற ஒரு விமானத்தில் 344 பயணிகள் இருந்தார்கள். காலை உணவாகப் பன்றித் தொடைக்கறி வைத்த ஆம்லெட் தரப்பட்டது. விமானம் இறங்கும் முன்பே வாந்தி தொடங்கிவிட்டது. 197 பேர் நோயுற்றார்கள். ஆங்கரேஜில் உணவு தயாரித்த ஒரு சமையற்காரரின் விரல்களில் சீழ்ப்புண் இருந்தது. அதிலிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கறியில் ஒட்டிக்கொண்டது. கறி பல மணி நேரம் அறை வெப்பத்தில் கிடந்தது. பிறகு போதிய குளிர்ச்சியில்லாத இடத்தில் வைக்கப்பட்டது. பரிமாறும் முன் விமானத்தில் அதைச் சூடாக்கத்தான் செய்தார்கள். இந்த நஞ்சு கொதியையும் தாங்கும். வெவ்வேறு நேர மண்டலத்தின் பசிக்கேற்ப விமானிகள் வேறு உணவு உண்டதால்தான் விமானத்தை ஓட்ட ஆள் இருந்தது.

மீனிலும் இதே கதை. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். குழம்பு கொதித்தாலும், மீனைப் பொரித்தாலும், பிறகு ஃப்ரீசரில் வைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. உண்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோல் தடிக்கும். ‘எனக்கு அந்த மீன் ஒத்துக்காது’ என்று உண்டவர் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒத்துக்கொள்ளாமல் போனது மீனாக இராது. படகிலோ சந்தையிலோ அது ஐஸ் இல்லாமல் கிடந்த மதியமாக இருக்கும்.

நாறுவதெல்லாம் நஞ்சல்ல

மூக்கு எதிர்த்திசையிலும் தவறும். ஜப்பானியர் காலையில் சோற்றோடு உண்ணும் நாட்டோ, நூல் நூலாக இழுக்கும் சோயாபீன்ஸ். அதைப் புளிக்கவைப்பது பேசில்லஸ் சப்டிலிஸின் ஒரு வகை. நம் வீட்டுச் சோற்றில் நூல் விட்டதற்குப் பங்காளி. சுவீடனில் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீனை உப்பில் புளிக்கவைத்து டப்பாவில் அடைப்பார்கள். திறந்தால் தெரு முழுக்க நாறும். நம் கருவாட்டு வாடையை முகர்ந்து வேற்றூர்க்காரர் முகம் சுளிப்பார். நமக்குச் சோறு இன்னும் ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

இவற்றைக் காப்பது வாடை அல்ல. உள்ளே இருக்கும் நிலைமை. கருவாட்டில் உப்பு நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, வெயில் மிச்ச நீரை எடுத்துவிடுகிறது. நோய்க்கிருமி பெருக நீர் கிடைக்காது. வற்றல், வடகம், அப்பளம் எல்லாமே இந்த வழிதான். புளியோதரை சாதாரணச் சோற்றைவிட நெடுநேரம் தாங்குவது புளியின் டார்டாரிக் அமிலத்தால். தயிரையும் ஊறுகாயையும் அமிலம் காக்கிறது. அமில அளவான பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால், நுண்ணுயிர் நஞ்சுகளிலேயே கொடியதான போட்டுலினத்தைச் சுரக்கும் பாக்டீரியா வளர முடியாது.

அந்த ஒரு எண் எத்தனை முக்கியம் என்பதற்குக் கனடாவின் வான்கூவரில் 1985-இல் நடந்தது சான்று. எண்ணெயில் முழுகிய நறுக்கிய பூண்டைக் குளிரில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் உண்ட முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் போட்டுலின நஞ்சு ஏறியது. பூண்டு மண்ணிலிருந்து வித்துகளைக் கொண்டுவந்தது. எண்ணெய் காற்றை மறைத்தது. காற்று இல்லாத இடமே அந்தப் பாக்டீரியாவுக்கு வேண்டியது. நம் பூண்டு ஊறுகாயிலும் எண்ணெய் மிதக்கிறது. ஆனால் அடியில் புளியோ எலுமிச்சையோ, அதோடு உப்பும் இருக்கிறது. ஊறுகாயைக் காப்பது மேலே நிற்கும் எண்ணெய்தான் என்று நம்பி, புளிப்பையும் உப்பையும் குறைத்து ‘லேசாக’ப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நீர் ஊற்றிய சோறு

இப்போது பழைய சோற்றுக்கு வருவோம். இரவு முழுக்க வெளியில் வைத்த சோறு ஆபத்து என்று சொல்லிவிட்டு, இரவு முழுக்க நீரில் வெளியில் கிடந்த சோற்றை எப்படித் தள்ளாமல் இருப்பது?

இரண்டும் ஒரே அரிசி, ஒரே இரவு. நடப்பது மட்டும் வேறு. சோறு நன்றாக ஆறியபின் நீர் ஊற்றிப் பானையில் வைக்கும்போது, பானையிலும் நீரிலும் காற்றிலும் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. விடியும்போது நீராகாரத்தில் தெரியும் மெல்லிய புளிப்பு அவை சுரந்த அமிலம். அமிலம் ஏற ஏறப் பேசில்லஸ் சீரியஸின் வளர்ச்சி தளர்ந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். வெறும் சோற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் இது ஒரு பந்தயம். யார் முந்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாள்தோறும் அதே பானையில் ஊற்றிய வீட்டில் லாக்டிக் பாக்டீரியா தயாராகக் காத்திருந்தது. இன்றைய எவர்சில்வர் பாத்திரத்தை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, என்றோ ஒருநாள் நீர் ஊற்றும்போது அந்தப் படை இல்லை. முந்தைய நாள் நீராகாரத்தையோ சிறிது மோரையோ விட்டுவைப்பது, பாலுக்கு உறை ஊற்றுவது போல, நல்ல பாக்டீரியாவுக்கு முதல் அடியைக் கொடுக்கிறது. மத்தியானம் வடித்து மாலைவரை வெளியில் கிடந்த சோற்றுக்கு இரவில் நீர் ஊற்றுவதால் பயனில்லை. பந்தயம் அதற்கு முன்பே முடிந்திருக்கலாம்.

இரவில் குழம்பைச் சுண்ட வைக்கும் வழக்கத்துக்கும் இதே போன்ற ஒரு கணக்கு உண்டு. 1877-இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர், ஒருமுறை கொதித்தும் சாகாத வித்துகளைக் கொல்ல ஒரு வழி கண்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தார். இடைவெளியில் வித்துகள் முளைக்கும்; முளைத்தவை அடுத்த கொதியில் மடியும். மீந்த புளிக்குழம்பை இரவிலும் காலையிலும் கொதிக்க விட்ட கைகள் இதையே செய்தன. நீர் சுண்டச் சுண்ட உப்பும் புளிப்பும் செறிந்தன. ஆனால் புளியில்லாத தேங்காய்ப்பால் குருமாவுக்கோ கோழிக் குழம்புக்கோ இந்தக் காப்பு கிடையாது. குளிர்பெட்டி இருக்கும் வீட்டில் அவற்றைச் சுண்டவைத்து வெளியில் விட்டுவைக்கக் காரணமும் கிடையாது.

பூசணத்தைத் துடைத்தால்

1974-இன் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை பரவியது. பருவம் தப்பிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை மக்கள் உண்டிருந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, ஈரத்தில் வளர்ந்த பூஞ்சை சுரந்த அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சே காரணம் என்று தெரிந்தது. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள்.

அவர்களுக்கு வேறு தானியம் இருந்ததா என்ற கேள்வி என்னை விடுவதில்லை. ‘தூக்கிப் போடு’ என்பது மாற்று உணவு உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரை. இல்லாதவரின் பாதுகாப்பு அறுவடைக் களத்திலும் கிடங்கிலும் தொடங்க வேண்டும்: தானியம் நனையாமல், நன்றாக உலர்ந்து அவர் கைக்கு வர வேண்டும்.

அஃப்ளாடாக்சின் வேகவைத்தாலும் வறுத்தாலும் பெருமளவு தங்கிவிடும். பூசணம் பிடித்த மிளகாயையும் கடலையையும் துடைத்து வெயிலில் காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். சுரந்த நஞ்சு நிற்காது. ரொட்டி, கெட்டிச் சட்னி, பழக்கூழ் போன்ற ஈரமான உணவில் கண்ணுக்குத் தெரியும் பச்சைப் புள்ளி பூஞ்சையின் தலை மட்டுமே. இழைகள் உள்ளே ஓடியிருக்கும். மேலே கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை உண்ணக் கூடாது. நிலக்கடலை கசந்தால் துப்பிவிடும் நம் பழக்கம் மிக நல்லது. குழந்தைகளுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும்.

உணவிடம் கேட்க வேண்டியவை

முகர்ந்து பார்ப்பது உணவின் முகத்தைப் பார்ப்பது. நமக்குத் தேவை அதன் கடந்த காலம். தட்டில் வரும்வரை அதற்கு என்னென்ன நடந்தது என்பதை ஐந்து கேள்விகளில் அறியலாம்.

எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது? 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு பாக்டீரியாவின் களம். அமெரிக்க வேளாண் துறை சமைத்த உணவுக்கு அந்தக் களத்தில் இரண்டு மணி நேரம் தருகிறது. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். சென்னை, மதுரை, திருச்சியின் பெரும்பாலான மதியங்கள் இரண்டாவது விதிக்குள் வரும்.

எவ்வளவு பெரிய பாத்திரத்தில் ஆறியது? உணவின் தடிமன் இரட்டித்தால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாகும். கல்யாண வீட்டு அண்டாவின் மேல்சோறு ஆறிக் கிடக்கும்போது நடுவில் கை சுடும். மீந்ததை அகலத் தட்டுகளில் பரப்பி ஆறவைத்து உள்ளே வைக்க வேண்டும்.

உள்ளே அமிலமோ உப்போ உண்டா, ஈரம் எவ்வளவு? புளிக்குழம்பையும் பால் பாயசத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

வெந்தபின் யார் கை பட்டது? தேங்காய் துருவிப் போட்ட கை, இறைச்சி நறுக்கிய பலகை, காயம் பட்ட விரல் எல்லாமே கணக்கில் உண்டு.

யார் சாப்பிடப் போகிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள்; 4,20,000 பேர் இறக்கிறார்கள்; அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். பெரியவருக்கு ஒருநாள் வயிற்றுவலியோடு போவது, குழந்தைக்கும் முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் உயிர்ப் பிரச்சினையாகலாம். ஒரு வயதுக்குள் குழந்தை நாக்கில் தேன் தடவக் கூடாது என்பதும் இதனால்தான். தேனில் உறங்கும் போட்டுலின வித்துகள் பெரியவர் குடலில் முளைப்பதில்லை, பிஞ்சுக் குடலில் முளைக்கும்.

குளிர்பெட்டியும் இந்தக் கேள்விகளிலிருந்து விடுதலை தராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர்பெட்டி சுமார் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாள். மின்சாரம் வந்ததும் உருகிய மீன் மறுபடி கல்லாகிவிடும். வெளியூர் போய்த் திரும்பியவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. மீன் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. மீன் மறைத்துவிட்ட கடந்த காலத்தை நாணயம் சொல்லிவிடும்.

உணவு கெடுவதைச் சொல்லும் நம் சொற்கள் மூக்கிலிருந்தும் நாக்கிலிருந்தும் வந்தவை. மணமில்லாத நஞ்சுக்கு அவற்றில் பெயர் இல்லை. ஆனால் உணவைக் காக்கச் சொல்லும் நம் வினைச்சொற்களைப் பாருங்கள்: நீர் ஊற்று, உறை ஊற்று, சுண்ட வை, உப்பிடு, உலர்த்து, காய்ச்சி வை. இவை எவையும் வாடை வரும்வரை காத்திருப்பதில்லை. எல்லாமே உணவு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பெயர் வைக்க முடியாத ஒன்றை அந்த அடுக்களைகளில் இருந்தவர்கள் நேரத்தால் தடுத்தார்கள்.

இன்று மூடியைத் திறந்து முகர்வதற்கு முன் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்: இது எப்போது வடித்தது?